ஆமென் வராத காலை

லிட்டில் பிஸ்கா பாப்டிஸ்ட் சபையில் எவரும் ஜெபத்தை வேண்டுதலில் தொடங்குவதில்லை. முதலில் ஸ்தோத்திரம், அதன்பின் நோயாளிகள், அதன்பின் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர். சொந்தத் தேவை கடைசியில், அதுவும் நேரம் மிச்சமிருந்தால். அலபாமாவின் இந்தப் பகுதியில் எங்கள் முன்னோர் வைத்துவிட்டுப்போன வரிசை அது. அதை வெர்னெல் டாகெட்டைப் போலக் கண்டிப்பாகக் காத்தவர் எங்களுள் வேறு ஒருவரும் இல்லை.

அவர் மாவட்டப் பள்ளியின் சமையற்கூடத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்த பெண்மணி. கை கழுவாமல் தட்டை எடுக்கும் பிள்ளையை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவார். நன்றி சொல்லாமல் கேட்கத் தொடங்கும் ஜெபத்தைப் பற்றியும் அவருடைய கருத்து ஏறக்குறைய அதுவே. புதன்கிழமை வேதவகுப்பில் ஒருமுறை அவர் சொன்னது இன்றும் எங்களிடையே வழங்குகிறது.

"வந்ததும் வராததுமா கைய நீட்டாதீங்க. பக்கத்து வீட்டுல ஒரு கப் சர்க்கரை வாங்கப் போனாக்கூட, மொதல்ல 'நல்லாருக்கியா'ன்னு கேப்பீங்கல்ல? கர்த்தர்கிட்ட மட்டும் என்ன அவசரம்?"

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வெர்னெலுக்கு உரியது. ஆராதனைக்கு முன்னே பலிபீடத்துக்கு எதிரில் ஒரு மரநாற்காலி போடப்படும். அவர் சபைக்கு முதுகைக் காட்டி, அந்த நாற்காலியின் இருக்கையில் முழங்கைகளை ஊன்றி மண்டியிடுவார். நாங்கள் வாயைத் திறக்காமல் ஒரு பழைய இராகத்தை முனகிக்கொண்டிருப்போம். அந்த முனகலின்மேல் அவருடைய குரல் ஏறும்.

"கர்த்தாவே, இன்று காலையில் எங்களை எழுப்பினீர், ஸ்தோத்திரம். நாங்கள் படுத்த படுக்கை எங்களுக்குப் பிணப்பலகை ஆகவில்லை, ஸ்தோத்திரம். போர்த்திய போர்வை சவச்சீலை ஆகவில்லை, ஸ்தோத்திரம். எங்கள் நாளங்களில் இரத்தம் இன்னும் சூடாக ஓடுகிறது, ஸ்தோத்திரம்."

ஒவ்வொரு ஸ்தோத்திரத்துக்கும் நாங்கள் "ஆமென்" என்போம். பிணத்தைப் பலகையில் கிடத்திக் குளிரவைத்த காலத்தை எங்களில் மிகச் சிலரே கண்டிருந்தோம். ஆனாலும் அந்த வரி வராத ஜெபம் எங்களுக்கு உப்பில்லாத சாப்பாடு.

வீட்டிலும் அவர் அதை விட்டதில்லை. காலை ஐந்து மணிக்குக் கண் விழித்ததும், கால் தரையைத் தொடுமுன், கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து இதே வரிகளை உரக்கச் சொல்வார். கணவர் எல்மோர் தலையணையிலிருந்து "ஆமென்" என்பார். மரம் அறுக்கும் ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு எல்மோர் ஏழு மணிவரை தூங்கும் உரிமையைப் பெற்றிருந்தார். இடையில் இந்த ஓர் ஆமென்தான் அவருக்குக் கடமை. ஜெபம் நீண்டுபோனால் போர்வைக்குள்ளிருந்து குரல் வரும்.

"சீக்கிரம் முடி, வெர்னெல். கர்த்தருக்கு இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கு."

நாற்பத்தாறு ஆண்டுகள் இப்படியே நடந்தது.

பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு வெர்னெல் எழுந்தார். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். "எங்கள் இருவரையும் எழுப்பினீர், ஸ்தோத்திரம்" என்று தொடங்கி, பிணப்பலகையையும் சவச்சீலையையும் சொல்லி, சூடான இரத்தத்தைச் சொல்லி, முடித்தார். ஆமென் வரவில்லை. முந்தைய நாள் எல்மோர் வேலிக்குக் கம்பு நட்டுக் களைத்திருந்தார். தூங்கட்டும் என்று வெர்னெல் விட்டுவிட்டார். சமையலறைக்குப் போய்ச் சோளரவைக் கஞ்சிக்குத் தண்ணீர் வைத்தார். வெண்ணெய் எடுத்து மேசைமேல் வைத்தார். வெளியே வெளிச்சம் வந்தது. ஏழேகாலுக்கு எழுப்பப் போனபோது எல்மோரின் கை குளிர்ந்து விறைத்திருந்தது.

வந்து பார்த்த மருத்துவர், உயிர் இரவு இரண்டு மணியளவில் பிரிந்திருக்கும் என்றார். வெர்னெல் தலையசைத்தார். மருத்துவரிடம் காப்பி வேண்டுமா என்று கேட்டார்.

அன்று மாலைக்குள் வீடு நிறைந்துவிட்டது. எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகும் வழக்கமில்லை. ஆறு கேக்குகளும் மூன்று பன்றித்தொடைகளும் கீரையும் கோழிப் பொரியலும் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் உரியவரின் பெயர் எழுதிய ஒட்டுத்தாள் இருந்தது. வெர்னெல் முன்னறையின் நாற்காலியில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. யார் வந்தாலும் பெயரைச் சொல்லி வரவேற்றார்.

டீக்கன் கிளீவன் ப்ரூயிட் ஜெபிக்க எழுந்தார். சபையின் உதவிக்காரர்களுள் இளையவர், நல்ல மனிதர், கனத்த குரல். எல்லோரும் எழுந்து கைகோத்து நின்றோம். அவர் கண்ணை மூடினார். வாய் தனக்குப் பழகிய தடத்தில் தானே நடந்தது.

"கர்த்தாவே, இன்று காலையில் எங்களை எழுப்பினீர், ஸ்தோத்திரம். நாங்கள் படுத்த படுக்கை எங்களுக்குப் பிணப்பலகை ஆகவில்லை, ஸ்தோத்திரம்."

ஆமென் பாதி அறையிலிருந்து வந்தது. மீதிப் பாதி தாமதித்து வந்தது. ப்ரூயிட் கண்ணைத் திறந்தார். தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.  வழி தெரியாமல் நோயாளிகளுக்குத் தாவி, பயணம் செய்வோருக்குத் தாவி, அவசரமாக ஜெபத்தை முடித்தார். வெர்னெலின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நன்றி, டீக்கன்" என்றார்.

பிறகு சமையலறைக்கு வந்த வெர்னெலிடம் எல்மோரின் அக்கா ஐடெல்லா கோழிப் பொரியலைப் பரிமாறிக்கொண்டே பொரிந்தார்.

"அந்த ஆளு வாய்க்கு ஒரு மூடி போட்டா தேவல. பிணப்பலகை ஆகலையாம். என் தம்பி எதுல கிடந்தானாம்?"

"விடு, டெல்," என்றார் வெர்னெல்.

"எப்படி விடுறது? நீ பக்கத்துல படுத்திருந்தவ. உனக்குக் கோவம் வரலையா?"

"வரல."

"அழுகையாவது?"

வெர்னெல் சற்று யோசித்தார். கடையில் ஒரு பொருள் இருக்கிறதா என்று கேட்டால் அலமாரியைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்பவரைப் போல அது இருந்தது.

"அதுவும் வரல. கீரைக்கு உப்பு பத்தல, பாத்தியா?"

சனிக்கிழமை அடக்கம் நடந்தது. பாட்டு நன்றாக அமைந்தது. வெர்னெல் கல்லறைத்தோட்டத்திலிருந்து நேராக வீட்டுக்கு வந்து, கறுப்புத் தொப்பியைப் பெட்டியில் வைத்து, முன்னறைச் சோபாவில் படுத்துத் தூங்கினார். அன்றுமுதல் கட்டிலில் படுக்கவில்லை. துக்கத்தால் அல்ல என்று பின்னர் என்னிடம் சொன்னார். கட்டிலில் படுத்தால் காலையில் அதன் விளிம்பில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் சொல்ல வேண்டும். சோபாவில் படுத்தவருக்கு அந்தக் கடமை இல்லை என்று அவர் எப்படியோ தமக்குள் தீர்மானித்திருந்தார். காலை ஐந்து மணிக்குக் கண் திறக்கும். எழுந்து போய்த் தண்ணீர் வைப்பார்.

இரண்டு வாரங்கள் ஐடெல்லா உடன் தங்கினார். போகும் நாளில், தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்திருந்த வெர்னெலைப் பார்த்து, "அது ஓடவே இல்ல, தெரியும்ல?" என்றார். வெர்னெல், "தெரியும்" என்றார்.

மார்ச் மாதத்தின் முதல் புதன்கிழமை வேதவகுப்பு முடிந்ததும் ப்ரூயிட் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே அருகில் வந்தார்.

"சிஸ்டர் டாகெட், அன்னிக்கு உங்க வீட்டுல நான்..."

"அது முடிஞ்சுபோச்சு, டீக்கன்."

"இல்ல, என் வீட்டுக்காரி மூணு நாள் என்கூட பேசல. நாலாவது நாள் பேசினா. பேசாம இருந்ததே நல்லாருந்துச்சு."

வெர்னெல் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்க வேண்டிய இடம் அது என்று தெரிந்தவர்போலத் தலையை ஆட்டினார்.

"வர்ற ஞாயிறு ரெண்டாம் ஞாயிறு. உங்களால முடியலன்னா நான் பாத்துக்கிறேன். ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டாங்க. இந்த மாசம் மட்டும்னாலும் சரி, மொத்தமா விடணும்னாலும் சரி. பாஸ்டர்தான் கேக்கச் சொன்னாரு."

"வெள்ளிக்கிழமை சொல்றேன்."

அவர் மறுத்தால் அந்த நாற்காலி டீக்கன்மாரிடம் போய்விடும். திரும்பி வராது என்பதை எல்லோரும் அறிவோம். ஆனால் வெர்னெலின் மனத்தில் நின்றது நாற்காலி அல்ல. நன்றி முதலில் என்று மற்றவர்களை அத்தனை ஆண்டுகள் வரிசையின் கடைசிக்கு அனுப்பியவர் அவர். அந்த நன்றியை இறந்துகிடந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, பார்க்காமல், உரக்கச் சொன்னவரும் அவரே. அதை அவர் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. இனி அந்த வரியைச் சொன்னால் அது பொய்யாகுமா என்பது அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லாமல் ஜெபிக்கும் வேறு வழியும் அவருக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை அவர் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டார். கடைசியாக மிஞ்சியது லூசில் டிராமலின் நீலப் பீங்கான் தட்டு. லூசிலின் மகன் டெவிட் நான்கு ஆண்டுகளுக்கு முன் தன் படுக்கையில் தூக்கத்திலேயே இறந்தவன். முப்பத்தெட்டு வயது, சர்க்கரை நோய். லூசில் கூர்மையான நாக்குடைய பெண்மணி. பஞ்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர்.

"தட்டுல கீறல் இருக்கான்னு பாக்க மாட்டேன். உள்ள வாங்க," என்றார் லூசில்.

வெர்னெல் உள்ளே போய்த் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தார். ஐஸ் தேநீர் வந்தது. குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"லூசில், டெவிட் போன அன்னிக்கு இங்க வந்து ஜெபம் பண்ணினது நான்தான?"

"நீங்கதான். இதோ, இந்தச் சோபாவுல முழங்கை வச்சு."

"அந்தப் படுக்கை வரி... அதச் சொன்னேனா?"

லூசில் தம் கோப்பையை மேசையில் வைத்தார்.

"சொன்னீங்க. முழுசா. ஒரு சொல்லு விடல."

"நீ என்ன பண்ணின?"

"ஆமென்னு சொன்னேன். எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன். அப்ப எனக்கு எதுவும் காதுல ஏறல, சிஸ்டர். பக்கத்து அறையில யாரோ பாத்திரம் கழுவுற மாதிரி இருந்துச்சு உங்க சத்தம். ஒரு மாசம் கழிச்சு, துணி காயப்போடுறப்பதான் ஏறுச்சு. அப்ப வந்துச்சு பாருங்க கோவம். ரெண்டு ஈஸ்டருக்கு உங்ககிட்ட நான் பேசல. கவனிச்சீங்களா?"

"உனக்குப் பல்வலின்னு நெனச்சேன்."

"ரெண்டு வருசமாவா பல்வலி?"

வெர்னெல் கோப்பையைப் பார்த்தார். பனிக்கட்டி உருகிக்கொண்டிருந்தது.

"நான் தெரியாமதான் சொன்னேன்," என்றார்.

"தெரியும். அதான் மூணாவது ஈஸ்டருக்குப் பேசிட்டேன்ல."

 பிறகு வெர்னெல், பள்ளிச் சமையற்கூடத்தில் அன்றைய உணவுப் பட்டியலைப் படிக்கும் அதே குரலில் சொன்னார்.

"எல்மோர் போன அன்னிக்குக் காலையில நான் கட்டில்ல உக்காந்து அதையே சொன்னேன். அவரு அப்பவே போய் மூணு மணி நேரம் ஆச்சு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. ரெண்டு பேரையும் எழுப்பினதுக்கு ஸ்தோத்திரம்னேன். அப்புறம் போய்க் கஞ்சி வச்சேன்."

லூசில் தம் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"ரெண்டு பேருன்னா சொன்னீங்க?"

"ரெண்டு பேருன்னுதான்."

"அப்ப பாதி சரிதான்," என்றார் லூசில்.

அது ஏளனமா ஆறுதலா என்று வெர்னெலுக்கு விளங்கவில்லை, லூசிலுக்கும் விளங்கியிருக்காது. ஐடெல்லா அங்கிருந்தால் கத்தியிருப்பார். வெர்னெல் தேநீரைக் குடித்து முடித்தார்.

"எனக்கு எதுவும் தெரிய மாட்டேங்குது, லூசில். நன்றியும் இல்ல, கோவமும் இல்ல. மரத்துப்போன பல்லு மாதிரி இருக்கு. இத வச்சுக்கிட்டு அங்க போய் எப்படி மண்டி போடுறது?"

"மண்டி போட முட்டி போதும். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அவ்வளவுதான்." லூசில் எழுந்து நீலத் தட்டை அலமாரியில் வைத்தார். "ஆனா ஒண்ணு. இல்லாததச் சொல்லாதீங்க. நான் மூணாவது வரிசையிலதான் உக்காந்திருப்பேன்."

வெள்ளிக்கிழமை வெர்னெல் ப்ரூயிட்டைத் தொலைபேசியில் அழைத்து, தாமே வருவதாகச் சொன்னார். டீக்கன் ஏதோ நீளமாகப் பேசத் தொடங்கினார். வெர்னெல் நல்லது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

இரண்டாம் ஞாயிறு காலை பத்தரைக்கு நாற்காலி போடப்பட்டது. வெர்னெல் வெள்ளை உடையும் வெள்ளைக் கையுறையும் அணிந்து நடந்துவந்தார். வலது முழங்கால் அவருக்குச் சரியில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்து, முதலில் இடது காலையும் பிறகு வலது காலையும் மடக்கி இறங்கினார். நாங்கள் முனகத் தொடங்கினோம். அவர் முழங்கைகளை ஊன்றிக் கைகளைக் கோத்தார்.  முனகல் இரண்டு சுற்று போய்வந்தது.

"கர்த்தாவே," என்றார்.

"ஆமென்," என்றோம்.

"இன்று காலையில் என்னை எழுப்பினீர், ஸ்தோத்திரம்."

"ஆமென்."

அடுத்த வரிக்கு எங்கள் வாய்கள் ஆயத்தமாக இருந்தன. அது வரவில்லை.

"எல்மோரை எழுப்பவில்லை. அவர் கிடந்த படுக்கை அவருக்குப் பிணப்பலகை ஆயிற்று. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பார்க்காமல், எங்கள் இருவருக்காகவும் உமக்கு நன்றி சொன்னேன். சொன்னதில் பாதி இல்லை."

முனகல் நின்றுவிட்டது. எங்கள் சபையில் ஜெபத்தின் நடுவே அது நின்று நான் கேட்டதில்லை.  ப்ரூயிட் தம் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐடெல்லா பக்கத்து ஊரிலிருந்து வந்து இரண்டாம் வரிசையில் இருந்தார். கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டார்.

"மீதிப் பாதி இருக்கிறது," என்றார் வெர்னெல். குரல் ஏறவும் இல்லை, உடையவும் இல்லை. "நாற்பத்தாறு வருடம் அவர் ஆமென் சொன்னார். அதற்கு ஸ்தோத்திரம். கடைசி நாள் வேலியை முடித்துவிட்டார். அதற்கு ஸ்தோத்திரம். இரவில் அவர் என்னைக் கூப்பிட்டாரோ, எனக்குத் தெரியாது. அதற்கு என்னிடம் ஸ்தோத்திரம் இல்லை. இருப்பதைத்தான் கொண்டுவந்தேன். எனக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை, கர்த்தாவே. தெரியாமலே சொல்கிறேன். ஸ்தோத்திரம்."

மூன்றாம் வரிசையிலிருந்து லூசில், "ஆமென்" என்றார். சத்தமாக அல்ல, சந்தையில் சில்லறை சரியாக இருக்கிறது என்று சொல்பவரைப் போல. அதன்பின் சிலர் சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை. ஒரு மூலையில் முனகல் மீண்டும் தொடங்கியது. ஆனால் ஒழுங்காகச் சேரவில்லை.

அடுத்து நோயாளிகள் வரவேண்டும். வெர்னெல் ஆறு பெயர்களைச் சொன்னார், ஒன்றும் விடுபடவில்லை. பயணம் செய்வோரைச் சொன்னார். பிறகு தம் சொந்தத் தேவைக்கான இடம் வந்தது. அங்கே நிறுத்தி, சற்று நேரம் தேடினார்.

"கேட்பதற்கு ஒன்றும் கொண்டுவரவில்லை," என்றார். ஜெபம் முடிந்தது.

எழுந்திருக்க முடியவில்லை. ப்ரூயிட் முன்னே போய் முழங்கைக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கினார். எழுந்த வெர்னெல் உடையைச் சரிசெய்து, சபையின் மூத்த பெண்களுக்கான அன்னையர் வரிசையில் தம் இடத்தில் போய் உட்கார்ந்தார். பாஸ்டர் நாற்பது நிமிடம் பிரசங்கித்தார். அது எதைப் பற்றியது என்று அன்று மாலை வெர்னெலைக் கேட்டேன். தெரியாது என்றார்.

ஆராதனை முடிந்து படிக்கட்டில் எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது ஐடெல்லா அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். வெர்னெல் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். முதிய டீக்கன் ஒருவர், இப்படிப்பட்ட ஜெபம் சபையில் ஏற்புடையதன்று, ஸ்தோத்திர வேளையில் குறை சொல்லக்கூடாது என்று பாஸ்டரிடம் முறையிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு; அந்த வரிசையை எங்களுக்கு ஊட்டியவர்களுள் வெர்னெலும் ஒருவர். பாஸ்டர், ஜெபத்தில் ஸ்தோத்திரம் எத்தனை முறை வந்தது என்று எண்ணினீரா என்று கேட்டார். அவர் எண்ணவில்லை.

ப்ரூயிட் அட்டவணைத்தாளும் பேனாவுமாக வந்தார்.

"சிஸ்டர், ஏப்ரல் எழுதணும். ரெண்டாம் ஞாயிறுக்கு யார் பேர போடட்டும்?"

"இருக்கிற பேரே இருக்கட்டும்."

"முடியுமா உங்களால?"

"தெரியல, டீக்கன். எழுதுங்க."

அவர் எழுதினார். ஐடெல்லா காரைக் கிளப்பியிருந்தார். வெர்னெல் கையுறைகளைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, வலது முழங்காலைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு படியாக இறங்கினார்.